பெத்தணன் பேருக்கு முன்னால

"அண்ணாச்சி, எம்புருசன் பேருக்கு முன்னால இருக்கிற 'லேட்'டை மட்டும் எடுத்துருங்க."

பஞ்சம்மாள் மகள் கல்யாணக் கார்டின் புரூப் தாளை மேசையில் வைத்தாள். அச்சாபீஸ் லட்சுமிகாந்தத்துக்குச் சுருக்கென்றது. சிவகாசியில் எத்தனையோ கல்யாணக் கார்டு அடித்த மனுசர். இப்படி ஒரு திருத்தம் யாரும் கேட்டதில்லை.

"என்னத்தா பேசுறே? போன தீபாவளி சீசன்ல பட்டாசு விபத்துல பெத்தணன் போனது ஊருக்கே தெரியும். உசிரோட இருக்கான்னா போடச் சொல்றே?"

"வெறும் பேரைப் போடுங்க, போதும்."

"வெறும் பேரைப் போட்டா அதான் அர்த்தம். 'லேட்'டுன்னா, கொஞ்ச நாள் முன்ன வரைக்கும் நம்மகூட இருந்தவருன்னு வெள்ளைக்காரன் அந்தக் காலத்துலயே வச்சிருக்கான். நம்மாளு மங்கலக் கார்டுல 'காலஞ்சென்ற'ன்னு போடக் கூசிக்கிட்டு அதைப் பிடிச்சுக்கிட்டான். மரியாதையான வார்த்தைத்தா."

"இருக்கட்டும் அண்ணாச்சி. எடுத்துருங்க. சாயந்தரம் மெஷின்ல ஏத்திருவீகன்னுதான் ஓடியாந்தேன்."

"உங்கொழுந்தன் சங்கையா நேத்து வந்து, 'எங்கண்ணன் பேருக்கு முன்னால லேட்டை மறக்காமப் போடுங்க'ன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனானே. அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

லட்சுமிகாந்தம் கணக்குப் போட்டுவிட்டார். தாலியறுத்தவள் மணமேடைப் பக்கம் வரக்கூடாது என்பது ஊர்ப் பழக்கம். மாப்பிள்ளை சாத்தூர்ப் பக்கம். அங்கிருந்து வருகிற சனத்துக்கு விவரம் தெரியாவிட்டால், பூவும் பொட்டுமாக முன்னால் நிற்கலாம் அல்லவா? அட கொடுமையே, வருசம்கூடத் திரும்பலையே!

மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். கேட்டேவிட்டார்.

"மக கல்யாணத்துல மேடையேறி நிக்க ஆசையா இருந்தா நேரா சொல்லு. அதுக்காகச் செத்த மனுசனை மறைக்காதே. பாவம் சும்மா விடாது."

பஞ்சம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் கோபப்படவில்லை.

"நான் சமையக்கட்டை விட்டு வெளிய வர மாட்டேன் அண்ணாச்சி. அது எனக்குத் தெரியாதா?"

"பெறகு எதுக்கு இம்புட்டு வம்பு? இங்கன பாரு. பக்கத்துலயே மாப்பிள்ளையோட அப்பா ஊர்க்காவலன் பேரு. நாளைக்கு அவரு வந்து, 'எஞ்சம்பந்தி எங்க'ன்னு கேட்டா என்ன செய்வே?"

"அவுக வர மாட்டாக."

"ஏன்?"

"அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான் மருந்து வேலை பாத்தாக."

லட்சுமிகாந்தம் புரூப் தாளைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பேருக்கு முன்னால் 'லேட்' இல்லையே என்று மறுபடி தாளைப் பார்த்தார்.

"எனக்காச்சும் இவுகளைத் துணியில சுத்திக் குடுத்தாக. மாப்பிள்ளையோட அம்மா சோலையம்மா மதினிக்கு ஒண்ணுமே கெடைக்கல. எந்த ஆசுபத்திரியிலயோ நெனவில்லாம கெடக்காக, மகன் கல்யாணத்துக்கு வந்துருவாகன்னு இன்னும் வாசலையே பாத்துக்கிட்டிருக்கு."

பஞ்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பேருக்குப் பக்கத்துல எம்புருசனுக்கு மட்டும் 'லேட்'டுன்னு அச்சடிச்சு நீட்டுனா, என் கையாலயே அந்த மதினி தாலியை அறுத்ததா ஆயிராதா அண்ணாச்சி?"