ஐம்பது வருடத்துப் புயல்கள்

இயற்கை இனி மனிதனிடம் எதையும் ஒளிக்க முடியாது என்று கோட்டைக்குப்பம் மணலில் நின்று அறிவிக்கிறார் பட்டணத்து விஞ்ஞானி. அறிவிக்கும்போதே காற்று அவருடைய கம்ப்யூட்டர் காகிதத்தைப் பிடுங்குகிறது. வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொள்கிறார். அடுத்த ஐம்பது வருடத்தில் இந்தக் கரைக்கு வரப்போகும் புயல்களெல்லாம் அதில் எண்களாக இருக்கின்றன. வடகிழக்கில் வானம் ஈயமாகக் கறுத்துக் கிடக்கிறது. கரையேறிய கட்டுமரங்களில் ஒன்று குறைகிறது. “அம்பது வருசம் கெடக்கட்டும் சார்,” என்கிறாள் மார்கரெட், கடலைவிட்டுக் கண்ணெடுக்காமல். “விடியக்காலம் போன எம் புருசன் இன்னும் கரை சேரல. இன்னிக்கி சாயங்காலம் இன்னா ஆவும்னு உங்க மிஷின் சொல்லாதா?” “இன்னிக்கு நடக்கிறதெல்லாம் இதுல வராதும்மா. பயப்படாதீங்க.” காலி மீன்கூடை ஒன்று தானாக உருண்டு போகிறது. அவருடைய ஜீப் வந்ததிலிருந்தே சாலையைப் பார்த்து நிற்கிறது. அவர் சொன்னபடி டிரைவர் இன்னும் இன்ஜினை அணைக்கவில்லை.