வெளி மேசை

அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. பிள்ளை நடுத்தெருவில் நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.

ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சந்தேகமில்லை. சிநேகிதர் ஜெயராமனின் மகன் குருபிரசாத்தேதான்.

லஸ் கடைத்தெருவில் இருந்த அந்தச் சைனீஸ் ஹோட்டல், மாலையானால் வாசலிலும் நாலு மேசை போட்டுவிடும். மேசைக்கும் பஸ்ஸுக்கும் இடையில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்தும் அகலம்தான். போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் யார் தட்டில் என்ன என்று தெரியும்.

ஸ்ரீரங்கன் பேத்திக்குப் பார்சல் வாங்க வந்திருந்தார். மனைவி ஸ்ரீலக்ஷ்மி தள்ளி நின்ற ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் லேட்டாவும் சார். கூட்டமா கீது," என்றான் பார்சல் கட்டுகிறவன்.

அதற்குள் குருபிரசாத்தும் அவரைப் பார்த்துவிட்டான். உடனே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மறைக்கக்கூடத் தோன்றவில்லை பார், என்று ஸ்ரீரங்கனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரே அவன் அம்மா விசாலாக்ஷி. அவள் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான்.

மார்கழி பஜனையில் மாட வீதி முழுக்க முன்னால் நின்று பாடியவர் ஜெயராமன். முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் முடிந்ததும் அந்த இடம் குருபிரசாத்துக்குத்தான் என்று ஸ்ரீரங்கன் கோஷ்டியில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். அவனும் தரமணிக்கு ஆபீஸ் பஸ் ஏறுவதற்கு முன்னால் தினமும் பாடிப் பழகிக்கொண்டிருந்தான்.

நேரே மேசைக்குப் போனார்.

"வாங்கோ மாமா," என்று எழுந்தான்.

"உட்காரு. ஆறிடப் போறது."

அவன் உட்காரவில்லை.

"வருஷம் முடியற வரைக்கும் வெளியில கை நனைக்கப்படாதுன்னு காரியம் பண்ணிவெச்ச வாத்தியார் சொன்னபோது நானும் பக்கத்துலதான் இருந்தேன். உனக்குக் காது கேட்டுதோன்னோ?"

"கேட்டுது மாமா."

"நாக்கு அவ்வளவு அலைஞ்சா, பார்சல் கட்டிண்டு போயிருக்கலாமே?"

"பூண்டு ஆத்துக்குள்ள வரப்படாதும்பார் அப்பா. அம்மா இன்னிக்கும் விடமாட்டா."

"அது மட்டும் ஞாபகம் இருக்கு! சரி, உள்ள போய் ஒரு மூலையில உட்காரப்படாதோ? இப்படியா, ஊரே பார்க்க?"

"உள்ள ஒரே கோழி வாசனை. அம்மாவுக்குக் குமட்டித்து."

விசாலாக்ஷி நிமிர்ந்தாள். "அவனை ஒண்ணும் சொல்லாதேங்கோ. நான்தான்..."

"நான்தான் துணைக்கு இழுத்துண்டு வந்தேன்," என்றான் குருபிரசாத் அவசரமாக. "அம்மா வேண்டாம்னுதான் சொன்னா."

"நீங்க இவனுக்குப் பரிஞ்சுண்டு வராதேங்கோ மன்னி. பெத்தவ பச்சைத் தண்ணியோட உட்கார்ந்திருக்கா. எதிர்க்க இவனுக்கு எப்படித்தான் தொண்டையில இறங்கறதோ."

ஒரு பஸ் கடந்து போகும்வரை ஸ்ரீரங்கன் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மார்கழிக்கு வேற ஆள் பார்த்துக்கறேன். நீ வர வேண்டாம்."

குருபிரசாத் ஏதோ சொல்ல வாய் திறந்தான். அம்மாவைப் பார்த்தான்.

"சரி மாமா," என்றான்.

ஸ்ரீரங்கன் திரும்பி வந்து பார்சல் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார். நடுவில் ஆள் உயரத்துக்கு மெனு எழுதிய பலகை. அவருக்கு அவர்களைத் தெரிந்தது. அவர்களுக்கு அவரைத் தெரியவில்லை.

"போயிட்டாரா?"

"போயிட்டார். நீ சாப்பிடும்மா."

தட்டு மேசையின் மறுபக்கம் நகர்ந்தது.

விசாலாக்ஷி தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முள்கரண்டியை எடுத்தாள். சுற்றிய நூடுல்ஸ் பாதி வழியில் அவிழ்ந்து விழுந்தது. மறுபடி சுற்றினாள்.

"எதுக்குடா இந்தப் பழி உனக்கு? அந்த இடமே போயிடுத்தே. நான் சொல்லியிருப்பேன்."

"சொன்னா, நாளைக்குக் கோயில்ல ஒருத்தி உன் பக்கத்துல உட்காரமாட்டா. என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறா. ஆறிடுத்தா? வேற சொல்லட்டுமா?"

"நன்னாத்தான் இருக்கு." மென்றுகொண்டே சொன்னாள். "இந்த வழியா எப்ப வந்தாலும் இந்த வாசனை வரும். உங்கப்பா மூக்கைப் பொத்திப்பார். நானும் பொத்திண்ட மாதிரி வருவேன்."

குருபிரசாத் சிரித்தான். அவளும் சிரித்து, உடனே வாயைத் துடைத்துக்கொண்டு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"சார், பார்சல்."

ஸ்ரீரங்கன் பையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். ஸ்ரீலக்ஷ்மி ஆட்டோவிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

"ஒரு பார்சலுக்கு இத்தனை நாழியா? ஆட்டோக்காரன் கத்தறான். அதோ, குருவும் விசாலமும்னா அது? யாரு சாப்பிடறா?"

கழுத்தை நீட்டினாள். ஸ்ரீரங்கன் நகர்ந்து அவள் பார்வைக்குக் குறுக்கே நின்றார்.

"குருதான்."

"வருஷத்துக்குள்ளயா! நன்னாருக்கே. இவனையா நீங்க மார்கழிக்கு முன்னால நிறுத்தப் போறேள்?"

"ஆமாம்," என்றார் ஸ்ரீரங்கன். "இவனைத்தான்."