மட்கார்டில் ஒரு பள்ளம்

ஐம்பது வருடத்துப் பழைய மோட்டார் சைக்கிள் புதுசு போல் நின்றது. பெரியவர் முன் மட்கார்டைத் தடவினார்.

"இங்க ஒரு பள்ளம் இருந்துச்சே?"

"தட்டி எடுத்துட்டேன் சார். இப்ப இதுல முகம் பாத்து ஷேவ் பண்ணிக்கலாம்," என்றார் மெக்கானிக்.

"அதுல மட்டும் கை வைக்காதேன்னு சொன்னேனே."

"அம்மாதான் எடுக்கச் சொன்னாங்க சார்."

பெரியவர் பக்கத்தில் நின்ற தன் மனைவியைப் பார்த்தார்.

"ஆமா, நான்தான் சொன்னேன். வண்டிச் சத்தம் கேட்டு, அப்பா வந்தாச்சுன்னு குழந்தை வாசலுக்கு ஓடி வந்தா. நீங்க பிரேக் போட்டும் வண்டி நிக்கலை. அவ போயி முப்பது வருஷமாச்சு. அந்தப் பள்ளத்தைத் தடவித் தடவி அழுதது போதுங்க."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவர் வழவழத்த தகரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவளோடதுன்னு எங்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதானே," என்றார்.