இருபத்தொரு கிலோ

"உண்மையைச் சொல்லுங்க மாப்பிள்ளை, வண்டியில எதைக் கழட்டினீங்க?"

பல் டாக்டர் குரலை உயர்த்தவில்லை. எடைமேடை மேல் நின்ற பச்சை வண்டிக்குள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார் கணக்கு வாத்தியார்.

வாத்தியார், டாக்டரின் ஒரே தங்கையின் கணவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாக உதிரி பாகங்களை வரவழைத்து, டாக்டர் வீட்டு ஷெட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு வண்டி பூட்டினார்கள். கதவு கிடையாது, கூரை கிடையாது, இரண்டே சீட்டு. "இது காரா, நாலு சக்கரம் வெச்ச குளியல் தொட்டியா?" என்று தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்புறம் மாதம் ஒரு ஞாயிறு டிராக்கில் ஓட்டுவார்கள். எப்போதும் டாக்டர்தான் முந்துவார். வாத்தியார் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியாவது பின்தங்குவார். அதில் வாத்தியாருக்கு வருத்தம் இருந்ததே இல்லை. டாக்டருக்கு உள்ளூரப் பெருமை இருந்தது என்பதை மறைப்பானேன்.

ஐந்து மாதமாக வாத்தியார் தலைகாட்டவில்லை. மனைவி வெளிநாட்டில் மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், குழந்தை பிறந்து மூன்று வாரம்தான் ஆகிறது. போன் செய்தால், "தனிக்கட்டை சமையல், பரீட்சைப் பேப்பர் வேற" என்று சாக்குச் சொல்வார். இன்றைக்குத் திடீரென்று, தடித்த ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நேராக டிராக்கில் இறங்கினார். மூன்றாவது சுற்றில் டாக்டரின் நேரத்தை அரை விநாடி வித்தியாசத்தில் முறியடித்துவிட்டார்.

பழக்கமே விட்டுப்போன மனுஷன்! டாக்டருக்கு வயிறு எரிந்தது. உடனே கிளப்பில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். பெட்டியில் வந்தது வந்தபடி ஓட்ட வேண்டும், ஓர் ஆணியைக்கூடக் கழற்றக் கூடாது என்பது கிளப்பின் விதி. மீறினால் ஆயுசுக்கும் டிராக்கில் கால் வைக்க முடியாது.

எடைக்காரர் நோட்டைப் புரட்டினார். "போன வருஷம் ஓட்டுறவரோட சேர்த்து அறுநூத்தி இருபத்திரெண்டு கிலோ. இன்னிக்கு அறுநூத்தி ஒண்ணு. கணக்கு உதைக்குதே சார்."

"இருபத்தொரு கிலோ!" என்றார் டாக்டர். "இந்த வண்டியில இருக்கறதே எலும்புதான். அதையும் உருவினாத்தான் இவ்வளவு குறையும்."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆமா மச்சான். கழட்டினேன்."

"எதை?"

"அடித்தகடு, சீட்டுச் சட்டம்... என்னென்னவோ. என் பேரை அடிச்சிடுங்க. இதோட விட்டுடுங்க."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ ஒரு மாணவிக்கு அரை மார்க் தவறுதலாகக் குறைத்துவிட்டு, அவள் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்ட ஆள் இவர். மறுப்பார், சண்டை போடுவார் என்றுதான் டாக்டர் எதிர்பார்த்தார். இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டது அவருக்குத் தாங்கவில்லை.

"அரை விநாடிக்காகவா மாப்பிள்ளை? கிளப்புல உங்களைச் சேர்த்துவிட்டதே நான்தான். இனிமே இங்க யார் மூஞ்சியில முழிப்பேன்? இருங்க, தங்கச்சிக்கே போன் போடறேன்."

"தாராளமா போடுங்க. உன் புருஷன் ஏமாத்திட்டான்னு சொல்லுங்க. திட்டுவா, ஒரு வாரம் பேச மாட்டா. பரவாயில்லை. ஆனா வண்டியை மறுபடி எடை போட மட்டும் வேண்டாம்."

எடைக்காரர் தலையாட்டினார். "வாயால ஒத்துக்கிட்டா போதாது சார். காலி வண்டியைத் தனியா எடை போட்டு, எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு எழுதி, கையெழுத்து வாங்கணும். கொஞ்சம் இறங்குங்க."

"வேண்டாமே, ப்ளீஸ்."

அந்தக் கெஞ்சல் டாக்டரின் கோபத்தைத்தான் கிளறியது. "தப்பு செய்யறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். இறங்குங்க!"

வாத்தியார் இறங்க இடம் வேண்டி, ஸ்டியரிங்கைக் கழற்றிப் பக்கத்துச் சீட்டில் வைத்தார். இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வெளியே வைத்தார். டாக்டர் கை கொடுக்கவில்லை. அவர் பார்வை எண் பலகை மேலேயே இருந்தது.

எடைக்காரர் பலகையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பலகையைப் பார்த்தார்.

"சார்... காலி வண்டி ஐநூத்தி நாற்பது. போன வருஷம் எழுதியிருக்கறதும் ஐநூத்தி நாற்பதுதான். வண்டியில ஒரு கிராம்கூடக் குறையலை."

டாக்டர் மெல்லத் திரும்பினார். வாத்தியார் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார். கன்னம் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது.

"கட்டின வண்டியைக் கடைசியா ஒருதரம் ஓட்டிப் பார்க்கணும்னு வந்தேன் மச்சான், இந்தக் கணக்கைப் போட மறந்துட்டேன்" என்றார் வாத்தியார். "உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சா பச்சைக் குழந்தையை விட்டுட்டு ஓடி வந்துடுவா. அவளா திரும்பி வர்ற வரைக்கும் நான் ஏமாத்துக்காரனாவே இருந்துட்டுப் போறேனே."