நுரை அடங்காத பீப்பாய்

தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வாடகைக்கு எடுத்த பீர் பீப்பாயை, விருந்தினர் வருவதற்குள் சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று லிஃப்ட் மெக்கானிக், பீரை வெளியே தள்ளும் கைப்பம்பை அளவுக்கு மேல் அடித்துவிட்டார். நுரை கூரையில் போய் மோதியது. எந்த மாடியிலும் லிஃப்டை நிறுத்தத் தெரிந்தவருக்கு ஒரு குழாயை நிறுத்தத் தெரியவில்லை.

“காத்து உள்ள போயிடுச்சுன்னா நாளைக்கே புளிச்சுடும் சார். இன்னைக்கே குடிச்சுத் தீர்த்துடுங்க,” என்றார் போனில் பீப்பாய்க்காரர்.

தீர்க்க ஆள் வேண்டுமே! கிளாஸ்களைத் துடைத்து அடுக்கிவிட்டுக் காத்திருந்தார். ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் கேட்டால், ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவருக்கு மாமியார். தம்பி மட்டும், “மறந்தே போச்சுண்ணா,” என்று பாதி உண்மையைச் சொன்னான்.

கொட்டிவிடலாமென்று குழாயைத் திருகினார். பீர் கெட்டியான நுரையோடு புத்தம்புதிதாக வந்தது. வாரம் கடந்தும் அப்படியே வந்தது. பீப்பாய் மட்டும் எடை குறைந்துகொண்டே போனது. அவர் தொடாத கிளாஸ்களின் உள்ளே நுரை வளையம் வளையமாக இறங்கியிருந்தது, யாரோ நிதானமாக மடக்கு மடக்காகக் குடித்ததுபோல. அவர் அவற்றைக் கழுவித் துடைத்து மறுபடி அடுக்கினார். பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கண்மூடியபின், அந்த வீட்டில் ஒரு கிளாஸுக்கு மேல் கழுவி வெகுகாலமாயிற்று.

ஒரு சாயங்காலம் பீப்பாயைத் தட்டிக் கேட்டார்: “நீயாவது ஒளிக்காம சொல்லுப்பா. அன்னைக்கு ஏன் யாருமே வரல?”

காலி நாற்காலிகளின் பக்கமிருந்து, கொஞ்சம் மனத்தாங்கலோடு பதில் வந்தது.

“நாங்க எல்லாரும் வந்தோமேப்பா. நீதான் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே.”