வெந்த வளையம்

"சுவத்துல தொங்கினதையெல்லாம் கொதிக்க வெச்சியாம்மா? ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் பீர் புளிச்சுடும்," என்று பின்கட்டிலிருந்து மாமனார் சீவர்ட் குரல் கொடுத்தார்.

"ஆச்சு மாமா," என்றாள் கூரோ.

நார்வேயின் வோஸ் பள்ளத்தாக்கில் மருமகளாக அவளுக்கு இது முதல் கிறிஸ்துமஸ். ஆஸ்லோவில் கடை பீரைப் பார்த்து வளர்ந்தவள். கரண்டி, சல்லடை, குவளை எல்லாவற்றையும் வேகவைத்திருந்தாள். கூடவே சுவரில் அழுக்கு அப்பித் தொங்கிய மர வளையம் ஒன்றையும் சுரண்டித் தேய்த்து அண்டாவில் போட்டிருந்தாள்.

"அந்த மர வளையத்தை மட்டும் தொட்டுடாதே. நம்ம வீட்டு ஈஸ்ட் அதுலதான் காய்ஞ்சு ஒட்டியிருக்கு. எங்க பாட்டன் காலத்துது," என்றார் சீவர்ட்.

கூரோ கொதிக்கும் அண்டாவை எட்டிப் பார்த்தாள். கொதித்த ஈஸ்ட் செத்த ஈஸ்ட், அதில் பீர் நுரைக்காது என்பது அவளுக்கும் தெரியும்.

எந்த விருந்துக்குப் போனாலும் தங்கள் வீட்டு ஈஸ்ட்டைப் பற்றிப் பெருமையடிக்காமல் மாமியார் பெரித் திரும்பியதில்லை. பக்கத்து வீட்டு ஓசாவின் பீர் குதிரைக் குளம்பு கழுவத்தான் லாயக்கு என்பது மாமனாரின் கட்சி. இன்னும் சற்று நேரத்தில் முளைகட்டிய பார்லியில் காய்ச்சி ஆறவைத்த மால்ட் கஷாயத்தில் வளையத்தைப் போட்டு, ஈஸ்ட் முழித்துக்கொள்ளக் குடும்பமே சுற்றி நின்று ஓவென்று கத்தும். செத்ததைச் சுற்றி நின்று கத்தப்போகிறார்களே! தலைமுறைகளாக வந்ததை வந்த வருஷமே கொன்றவளை இந்த வீடு எப்படி மன்னிக்கும்?

அண்டாவிலிருந்து வளையத்தை எடுத்துச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, முன்வாசல் வழியே பனியில் ஓடினாள். திட்டினாலும் பரவாயில்லை, ஓசாவிடம் கெஞ்சிக் கேட்டுவிடுவது என்று கதவைத் தட்டினாள்.

ஓசா சொட்டுகிற சால்வையைத்தான் முதலில் பார்த்தாள். "வெந்துபோச்சா?"

கூரோ அழுதேவிட்டாள். ஓசா உள்ளே போய், ஈஸ்ட் காய்ந்து ஒட்டிய வளையம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றாள் கூரோ.

"யார்கிட்டயும்னா யார்கிட்டம்மா? உன் மாமனாருக்குத் தெரியக் கூடாதுன்னு உன் மாமியார் ஒரு வருஷம் இதே மாதிரி வளையம் வாங்கிட்டுப் போனா. உன் மாமியாருக்குத் தெரியக் கூடாதுன்னு உன் மாமனார் இன்னொரு வருஷம் வாங்கிட்டுப் போனார்."