ஆபீஸ் விடுகிற நேரம்

"காலம் தெய்வம் மாதிரி. அதை ஏமாத்துனவன் உருப்பட்டதே இல்ல," என்றார் சிவசண்முகம். பாளையங்கோட்டையில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளரான அவர், ஞாயிற்றுக்கிழமை தன் வயலுக்கு வந்து, சேறு படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் நின்று இதைச் சொன்னார்.

"நாலு நாள் களையெடுப்பு, அஞ்சு நாளாகியும் முடியல. காலையில பிந்தி வாரியளோ?"

"எட்டு மணி பஸ் போறதுக்கு முன்னயே வயல்ல எறங்கிருவோம் அண்ணாச்சி," என்றாள் களையெடுக்கும் இசக்கிச்செல்வி.

"எப்பம் கரையேறுதிய?"

"ஆபீஸ் விடுத நேரத்துக்குத்தான். நீங்கதான அப்படிச் சொன்னிய."

"பொய்! ஒங்ககிட்ட வாட்சும் கெடையாது, வயல்ல போனும் கெடையாது. நேரம் எப்படித் தெரியும்? நாளைக்கு வேற ஆள் விடப்போறேன்."

"நீங்க ஸ்கூட்டர்ல அந்தா தெரியுத பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போவியள்லா, அதைப் பார்த்துத்தான் ஏறுதோம். வெயில் இன்னும் சாயலையேன்னு கூட களையெடுக்குத பொன்செல்விதான் சந்தேகப்பட்டா. 'ஏளா, சூரியன் தப்பினாலும் சர்க்கார் ஆபீஸ் தப்புமா'ன்னு நான் அவ வாயை அடச்சுட்டேன்."

சிவசண்முகத்தின் கையிலிருந்த வேட்டி நழுவிச் சேற்றில் விழுந்தது.

"சரி சரி, நாளைக்கும் நீங்களே வாங்க," என்றார்.

களையெடுப்பு நடந்த கடந்த வாரம் முழுவதும் அவர் பாலத்தைத் தாண்டியது பிற்பகல் மூன்றே காலுக்கு.